ஹலால் முத்திரையோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? வீட்டிலேயே சொசேஜஸ் செய்து ஒரு சட்டி மரக்கறி சூப் காய்ச்சுவோம்

இன்று நம்மில் அநேகமானோரின் வீட்டுப் பிரிட்ஜில் ஒரு பைக்கற் சொசேஜஸ் கிடக்கிறது. பிள்ளையின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அதுதான். இப்தாருக்கு அவசரமாகப் பொரித்தெடுக்கவும் அதுதான். நேரங்கெட்ட நேரத்தில் விருந்தாளி வந்தாலும் கை அதைத்தான் தேடுகிறது. வாங்கும்போது பைக்கற்றைத் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் கூடைக்குள் போடுகிறோம். அத்தோடு நம் தேடல் நின்றுவிடுகிறது.

அல்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும் இடங்களில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. ஹலால் என்பது அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்பது தூய்மையானது, நல்லது, உடலுக்கு உகந்தது. முதலாவதை உறுதிப்படுத்த நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் ஹலால் சான்றிதழைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தனைக்கும் பிறகு, ஜம்இய்யத்துல் உலமாவின் கையிலிருந்த அந்தப் பணி தனியான ஒரு நிறுவனத்திடம் சென்று இன்றுவரை தொடர்கிறது. ஆனால் இரண்டாவதை, அதாவது என் பிள்ளையின் தட்டில் விழுவது தய்யிபா என்பதை, எந்த முத்திரையும் எனக்காக முடிவு செய்து தராது. அது சமையலறையில் நிற்பவரின் வேலை.

அந்த வேலையைச் செய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. சொசேஜஸை வீட்டிலேயே செய்வதும், அதைப் பொரித்துக் கொடுக்காமல் மரக்கறிகளோடு ஒரு சட்டி சூப்பாகக் காய்ச்சுவதும்தான் அது. எங்கள் வீட்டில் ஏழு பேர். சின்னவனுக்கு மூன்று வயது. மாமிக்குப் பற்கள் இல்லை. எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணக்கூடிய இராச் சாப்பாடாக இந்த சூப்பை நான் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். அதன் முறையையும், ஒவ்வொரு படியையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணத்தையும் கீழே எழுதுகிறேன்.

இது வெள்ளைக்காரனின் உணவா?

சொசேஜஸ் என்றதும் அது ஐரோப்பாவின் சரக்கு, நமக்கு ஒட்டாதது என்று நினைப்பவர்கள் உண்டு. முஸ்லிம்களின் சமையல் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாத் சமையலைத் தொகுத்து எழுதிய இப்னு சய்யார் அல்வர்ராக் தனது நூலில் லகானிக் என்ற பெயரில் இதற்குச் செய்முறை தருகிறார். 13ஆம் நூற்றாண்டு அந்தலூஸின் சமையல் நூல்களில் இது மிர்காஸ் என்று வருகிறது. இன்றும் துருக்கியில் சுஜுக், மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் துனீசியாவிலும் மெர்கேஸ் என்று மாட்டிறைச்சியிலும் ஆட்டிறைச்சியிலும் செய்து உண்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி சமையல் நூலில் வருவதல்ல. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் சந்தை ஒழுங்குகளை எழுதிய இப்னு அப்தூன், மிர்காஸைப் புதிய இறைச்சியில்தான் செய்ய வேண்டும், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நோயுற்ற பிராணியின் இறைச்சியைச் சேர்க்கக் கூடாது என்று தனியாகக் குறிப்பிடுகிறார். சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. முழுத் துண்டு இறைச்சியைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், மணந்து பார்க்கலாம். அரைத்து, மசாலா சேர்த்து, உறைக்குள் அடைத்த பிறகு அது எந்த இறைச்சி, எந்தப் பகுதி, எத்தனை நாள் பழசு என்று யாராலும் சொல்ல முடியாது. சுமார் 900 வருடங்களுக்கு முன்பு செவில் நகரவாசிக்கு இருந்த அதே கேள்வி, இன்று குளிரூட்டிய அலமாரிக்கு முன்னால் நிற்கும் நமக்கும் இருக்கிறது.

பைக்கற்றுக்குள் என்ன இருக்கிறது?

தொழிற்சாலைச் சொசேஜஸ் எல்லாமே கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பைக்கற்றின் பின்பக்கத்தைப் பொறுமையாக வாசிக்கச் சொல்கிறேன். இறைச்சியோடு தண்ணீர், மாப்பொருள், சோயாப் புரதம், உப்பு, சுவையூட்டி, நிறமூட்டி, சோடியம் நைட்ரைட் என்று பட்டியல் நீள்வதைப் பல பைக்கற்றுகளில் காணலாம். நைட்ரைட் சும்மா சேர்க்கப்படுவதில்லை. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது. இறைச்சிக்கு அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவதும் அதுவே.

உறை விடயத்திலும் கவனம் தேவை. ஆட்டுக் குடல், பன்றிக் குடல், விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன், தாவரத்திலிருந்து எடுக்கும் செலுலோஸ் என்று உலகில் பல வகை உறைகள் உள்ளன. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உள்ளே கோழி இறைச்சி என்று எழுதியிருந்தாலும் உறை எதனால் ஆனது என்பது வேறு கேள்வி.

அடுத்தது உடல்நலம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015ஆம் ஆண்டில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து ஏறக்குறைய 18 வீதம் கூடுகிறது என்று அது கணித்தது. இந்தச் செய்தியை வட்ஸ்அப்பில் பரப்பியவர்கள் சொசேஜஸும் சிகரெட்டும் ஒன்று என்று எழுதினார்கள். அது தவறான விளக்கம். ஒரே பிரிவில் இருப்பது, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் காட்டுகிறது. ஆபத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றல்ல. மாதத்தில் ஒருநாள் உண்பவர் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் தினமும் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அனுப்பும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

உப்பும் இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம் ஊர்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொசேஜஸை வீட்டில் செய்தால் அந்த உப்பின் கணக்கு நம் கையில் இருக்கும்.

சொசேஜஸ் செய்யும் முறை

தேவையானவை: எலும்பு நீக்கிய, தோலோடு கூடிய கோழித் தொடை இறைச்சி 500 கிராம், உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, நசுக்கிய உள்ளி 3 பல், இடித்த செத்தல் மிளகாய் அரைத் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் 3 மேசைக்கரண்டி. மாட்டிறைச்சி விரும்புவோர் 400 கிராம் இறைச்சிக்கு 100 கிராம் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளலாம்.

நெஞ்சுப் பகுதியை விட்டுத் தொடையைக் கேட்பதற்குக் காரணம் கொழுப்பு. கொழுப்பில்லாத இறைச்சியில் செய்தால் வெந்த பின் வாயில் மரத்தூள் போலிருக்கும். நம்பிக்கையான கடையில் எலும்போடு வாங்கி, அங்கேயே எலும்பை நீக்கித் தரச் சொல்லுங்கள். எலும்பை விட்டுவிட்டு வராதீர்கள், சூப்புக்கு அதுதான் அடிப்படை.

இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, அரை மணி நேரம் பிரீசரில் வையுங்கள். உறையக் கூடாது, நன்றாகக் குளிர வேண்டும். அரைக்கும் இயந்திரத்தின் சூட்டில் கொழுப்பு உருகினால், வேகும்போது அது இறைச்சியை விட்டுப் பிரிந்து வெளியே ஓடிவிடும். குளிர்ந்ததும் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். கூழாக்க வேண்டாம். சிறு மணிகளாக இருந்தால் போதும். இயந்திரம் இல்லாதவர்கள் கூரிய கத்தியால் கொத்தியும் செய்யலாம்.

இப்போது உப்பையும் மசாலாவையும் ஐஸ் தண்ணீரையும் சேர்த்துக் கையால் இரண்டு, மூன்று நிமிடம் ரொட்டி மா பிசைவது போல் நன்றாகப் பிசையுங்கள். முட்டையோ மாவோ தேவையில்லை. உப்பு இறைச்சியிலுள்ள புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும், அதுவே பசையாகும். ஓர் உருண்டையை உள்ளங்கையில் அழுத்திக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதம் சரி. பச்சைக் கோழி இறைச்சியைச் சுவைத்துப் பார்ப்பது ஆபத்து. எனவே ஒரு சிறு துண்டைத் தாச்சியில் பொரித்து உப்பையும் உறைப்பையும் பாருங்கள். குறைந்தால் இந்த நேரத்தில் சேர்க்கலாம்.

உறைக்கு நான் வாழையிலையைப் பாவிக்கிறேன். இலையைத் தணலில் வாட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, பெருவிரலை விடச் சற்றுத் தடிப்பாக இறைச்சியை வைத்துச் சுருட்டி, இரு முனைகளையும் நூலால் கட்டுகிறேன். இடியப்பம் அவிக்கும் சட்டியில் 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வைத்தால் இறைச்சி இறுகி உருவம் பிடித்துவிடும். உள்ளே 74 பாகை செல்சியஸ் வெப்பம் எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், இருப்பதில் தடிப்பானதை நடுவில் வெட்டிப் பாருங்கள். சிவப்பு நிறமும் சிவந்த நீரும் துளியும் இருக்கக் கூடாது. கடைச் சொசேஜஸின் இளஞ்சிவப்பு இதில் வராது. வெளிறிய சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். நைட்ரைட் சேர்க்கவில்லை என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

அதே காரணத்தால் இதைக் கடைச் சரக்கு போல் நாட்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. பிசைந்த பச்சை இறைச்சியைப் பிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அவித்தது மூன்று நாள் தாங்கும். பிரீசரில் ஒரு மாதம் வைத்துப் பாவிக்கலாம். நீண்ட நேரம் மின்சாரம் தடைப்பட்டு உருகியிருந்தால், ஆசைப்பட்டு எடுத்துச் சமைக்க வேண்டாம்.

சூப் காய்ச்சும் முறை

முதலில் எலும்புத் தண்ணீர். கோழி எலும்புகளை 2 லீற்றர் தண்ணீரில் போட்டு, ஒரு துண்டு இஞ்சி, பாதி வெங்காயம், ஒரு துண்டு கறுவா, பத்து மிளகு சேர்த்து மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் மிஞ்சும்.

மரக்கறிகள்: கரட் 2, உருளைக்கிழங்கு 2, ஒரு துண்டு பூசணி, போஞ்சி 10, லீக்ஸ் 1, கோவாவில் கால் பங்கு, தக்காளி 2, பெரிய வெங்காயம் 1, மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, கடைசியில் தூவ ஒரு பிடி கீரை. பொன்னாங்காணியோ முருங்கையிலையோ எதுவும் பொருந்தும். இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. அன்று சந்தையில் எது மலிவோ, பிரிட்ஜில் எது வாடிக்கொண்டிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

அவித்த சொசேஜஸை வட்டமாக வெட்டி, அடி கனமான சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு இருபுறமும் பொன்னிறமாக வதக்கித் தனியே எடுத்து வையுங்கள். சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைக் கழுவ வேண்டாம். சூப்பின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. அதிலேயே வெங்காயத்தையும் லீக்ஸின் வெள்ளைப் பகுதியையும் வதக்கி, தக்காளியைப் போட்டு, அது கரைந்ததும் எலும்புத் தண்ணீரை ஊற்றி அடியைச் சுரண்டிவிடுங்கள்.

அடுத்தது வரிசை. எல்லா மரக்கறியையும் ஒன்றாகக் கொட்டினால் கரட் வேகும்போது கோவா கரைந்துபோகும். முதலில் பருப்பும் கரட்டும் உருளைக்கிழங்கும். பத்து நிமிடத்தில் பூசணியும் போஞ்சியும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கோவாவும் லீக்ஸின் பச்சைப் பகுதியும். எல்லாம் வெந்ததும் வதக்கிய சொசேஜஸைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கீரையைத் தூவி இறக்குங்கள். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொசேஜஸிலிருந்து உப்பு இறங்கியிருக்கும். உண்ணும்போது கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் உப்புக் குறைவாக இருப்பதே தெரியாது. பருப்பும் பூசணியும் கரைந்து சூப்பைக் கட்டியாக்கிவிடுவதால் சோளமா கரைத்து ஊற்றத் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் ஒன்றை மறந்துவிடாதீர்கள். வட்டமாக வெட்டிய சொசேஜஸ் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாயைச் சரியாக அடைக்கும் அளவில் இருக்கும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதை நீளவாட்டில் நான்காகப் பிளந்து, பிறகு சிறிதாக நறுக்கிக் கொடுங்கள். பற்கள் இல்லாத முதியவர்களுக்கும் அப்படியே. எங்கள் மாமிக்கு நான் மரக்கறியை அகப்பையால் மசித்து, சொசேஜஸை உதிர்த்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்

கணக்கைப் பாருங்கள். 500 கிராம் இறைச்சி எட்டுப் பேருக்குப் போகிறது. ஆளுக்கு ஏறத்தாழ 60 கிராம். கோப்பையின் மீதி முழுவதும் மரக்கறியும் பருப்பும் எலும்புத் தண்ணீரும். ஒரு பாண் துண்டோ சிறிது சோறோ சேர்ந்தால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு. அதே இறைச்சியைப் பொரித்து மேசையில் வைத்தால் நான்கு பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், மரக்கறி தொடாமலே கிடக்கும். சாமான் விலை ஏறிய நாளிலிருந்து இறைச்சி வாங்குவதைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். கொஞ்ச இறைச்சியின் ருசியை ஒரு சட்டி முழுவதும் பரப்பும் வழி சூப் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். நம் நோன்புக் கஞ்சியும் இதே கணக்கில்தான் ஒரு மஹல்லாவுக்கே ஊற்றப்படுகிறது.

நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் செய்த ஓர் உபதேசம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. குழம்பு சமைத்தால் அதில் தண்ணீரை அதிகமாக்கி, அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளுமாறு அவர்கள் சொன்னார்கள். அந்த ஹதீஸில் வரும் மரக் என்ற சொல்லுக்கு இறைச்சி வெந்த சாறு, சூப் என்றுதான் பொருள். மேலதிகமாக இறைச்சி வாங்கச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார்கள். வசதி இல்லை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள அதில் இடமில்லை.

அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம்கள் மட்டும் என்று அந்த உபதேசம் சொல்லவில்லை. பக்கத்தில் சிங்கள, தமிழ்ச் சகோதரர்கள் இருந்தால் கோழியிலேயே செய்யுங்கள், அவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. மரக்கறி மட்டும் உண்பவர்கள் என்றால், எலும்புத் தண்ணீர் சேர்க்காமல் பருப்பையும் மரக்கறியையும் வேறு சட்டியில் வெறும் தண்ணீரில் காய்ச்சிக் கொடுங்கள். என்ன போட்டுச் சமைத்தோம் என்பதைச் சொல்லியே கொடுங்கள். நாம் உண்பதில் நமக்கிருக்கும் பேணுதல் அவர்களுக்கும் இருக்கும்.

வீட்டில் பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சியைப் பிசைவதும் வாழையிலையில் சுருட்டுவதும் அவர்களுக்கு விளையாட்டு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மட்டும் பழக்கிவிடுங்கள். தன் கையால் செய்ததை உண்ணும் பிள்ளை, அடுத்த முறை கடையில் பைக்கற்றைத் தூக்கும்போது இதற்குள் என்ன இருக்கிறது என்று தானாகவே கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்குத் தேவை.

வாரநாளில் இவ்வளவுக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். விடுமுறை நாளொன்றில் ஒரு கிலோ இறைச்சியில் சொசேஜஸ் செய்து, அவித்து, பாதியைப் பிரீசரில் வைத்துவிடுங்கள். எலும்புத் தண்ணீரையும் அப்படியே வைக்கலாம். பிறகு ஒரு மாலை மரக்கறி வெட்டும் நேரமும் அரை மணி நேர நெருப்பும் இருந்தால் சூப் தயாராகிவிடும். இந்த வாரமே ஒருமுறை செய்து பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போது பக்கத்து வீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.